உண்டியல் பாடம் நடத்த வருகிறவர்கள் முதலில் எங்கள் சேமிப்பைக் கட்டட்டும்



கொஞ்ச நாட்களாகத் தோட்டங்களில் புதிதாக ஒரு பாடம் நடக்கிறது. "குடும்ப வரவு செலவுத் திட்டம்" என்று அதற்குப் பெயர். வாசிகசாலையிலோ பிள்ளைக்காம்பராவிலோ நம் பெண்களைக் கூட்டி உட்கார வைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கொப்பியும் ஒரு தகர உண்டியலும் கொடுக்கிறார்கள். வருமானத்தில் 10 வீதத்தை முதலில் எடுத்து வை, மிச்சத்தில் குடும்பம் நடத்து என்கிறார்கள். பிள்ளைகள் வளர வளரச் செலவு கூடும், இப்போதே சேமிக்கப் பழகு என்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு, நம் மலையில் விளைந்த தேநீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

சேமிப்பது நல்லது. அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பாடத்துக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. தோட்டத்துக்காரனுக்குக் கணக்குத் தெரியாது, அதனால்தான் அவன் கடனாளியாக இருக்கிறான் என்பதே அது. இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. அரைத் தேங்காயை இரண்டு நாள் சம்பலுக்கு வைத்துக்கொள்கிற பெண்ணுக்குச் சிக்கனம் சொல்லிக் கொடுக்க வருகிறவர், முதலில் நம்மோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடட்டும்.

நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்த காலத்தை எடுப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தொகை இது. மழை, வேலை குறைப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் போக மாதத்துக்கு 20 பேர் விழுகிறது என்று வைப்போம். அரைப்பேர் ஒன்றுமே இல்லை என்றும் வைப்போம். (நிர்ணயித்த கிலோ வராத நாளில் என்ன நடக்கிறது என்பது கொழுந்து எடுக்கிற எல்லோருக்கும் தெரியும்.) 20 நாளுக்கு 27,000 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 போனால் மிச்சம் 24,840 ரூபா. சந்தா, கோயில் பணம், தேயிலைத்தூள், முற்பணத் தவணை என்ற மற்றக் கழிவுகளை நான் இன்னும் தொடவில்லை.

இனிச் செலவுக்கு வருவோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு வயதான தாய். மலை ஏறி இறங்குகிறவர்களுக்கும் வளர்கிற பிள்ளைகளுக்குமாக நாளைக்கு இரண்டு கிலோ அரிசி. அரசாங்கம் 2024 டிசம்பரில் பச்சையரிசிக்கு வைத்த கட்டுப்பாட்டு விலை கிலோ 220 ரூபா. அந்த விலைக்கே கிடைத்தது என்று வைத்தாலும் மாதம் 13,200 ரூபா. பிள்ளைக்கு நாளைக்கு ஒரு முட்டை, 35 ரூபா என்று போட்டால் 3,150 ரூபா. 400 கிராம் பால்மாப் பெட்டி ஒன்றை ஆயிரம் ரூபாவென்று குறைத்துப் போட்டு, வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாங்கினால் 4,000 ரூபா. இந்த மூன்றுக்கு மட்டும் 20,350 ரூபா ஆகிவிட்டது.

ஒருவர் மட்டும் பேர் போடுகிற வீடென்றால் கையில் நிற்பது 4,490 ரூபா. கோதுமை மா, பருப்பு, தேங்காய், எண்ணெய், கருவாடு, சவர்க்காரம், கரண்ட் பில், பஸ் காசு, பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து எல்லாம் இதற்குள் வர வேண்டும். இருவரும் பேர் போடுகிற வீட்டில் ஏதோ மூச்சு விடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருவரும் 20 பேர் போடுகிற வீடுகள் நம் லயங்களில் இன்று எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் 10 வீதத்தை எங்கிருந்து எடுப்பது? எடுக்கக்கூடிய இடம் ஒன்றுதான், அது பிள்ளையின் தட்டு. கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது, பஸ் காரனிடம் பேரம் பேச முடியாது. முட்டையை நிறுத்தலாம், பாலை நிறுத்திப் பிளேன்டீ கொடுக்கலாம், இரவுச் சோற்றை ரொட்டியாக்கலாம். நம்மில் பலர் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 2016 ஆம் ஆண்டு அரசாங்கமே எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். நாட்டின் பிள்ளைகளில் ஆறில் ஒன்று, நம் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று. நம்முடைய சிக்கனம் ஏற்கெனவே பிள்ளைகளின் எலும்பில் எழுதப்பட்டுவிட்டது. இதற்கு மேலும் சிக்கனம் பிடி என்று சொல்ல யாருக்கு நாக்கு வருகிறது?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2021 மார்ச்சில் 1,000 ரூபா என்று நிர்ணயமான சம்பளம் 2024 செப்டெம்பர் வரை அசையவில்லை. இடையில் 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள்களின் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. சாப்பாட்டு விலை ஏறக்குறைய இரட்டிப்பானது, சம்பளம் அதே 1,000 ரூபா. அந்த மூன்றரை வருடத்தில் அடகுக்குப் போன தோடும் சங்கிலியும் வீண் செலவாலா போனது?

இப்போது சேமிப்புக்கு வருவோம். "லயத்து ஆட்கள் சேமிப்பதில்லை" என்பது பச்சைப் பொய். நாம் இந்த நாட்டில் கட்டாயமாகச் சேமிக்கிறவர்கள். நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். தோட்ட நிர்வாகம் அதற்கு மேல் 12 வீதம் சேமலாப நிதிக்கும், 3 வீதம் நம்பிக்கை நிதியத்துக்கும் போட வேண்டும். மொத்தம் 23 வீதம். 27,000 ரூபாவுக்கு அது 6,210 ரூபா. இருவர் வேலை செய்கிற வீட்டில் மாதம் 12,420 ரூபா, வருடத்துக்கு 1,49,040 ரூபா. உண்டியல் கொடுக்கிறவர் கேட்பது 10 வீதம். நாம் போடுவதும் நமக்காகப் போடப்பட வேண்டியதும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்!

கேள்வி என்னவென்றால், அந்தப் பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. ஆனாலும் தொழில் திணைக்களத்தின் படிக்கட்டில் நம் ஆட்கள் எதற்காக நிற்கிறார்கள்? சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டியிருக்கிறது, கணக்கில் காசு இல்லை. நம் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசையே கட்டாமல் வைத்திருக்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன. லயத்தில் ஒருவன் பக்கத்து வீட்டு உண்டியலை உடைத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்? கம்பனி செய்தால் மட்டும் "நிலுவை" என்று மரியாதையான பெயர்.

சேவைக்காலப் பணிக்கொடையும் அப்படித்தான். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலையிலிருந்து நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 30 வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு 1,350 ரூபாப்படி 5,67,000 ரூபா வரவேண்டும். மகனுக்கு வீட்டுக்கு அத்திவாரம் போட, பேத்தியைப் படிக்க வைக்க இருக்கிற ஒரே பெரிய தொகை இது. அதைத் துண்டு துண்டாகக் கொடுத்து, பல வருடம் இழுத்து, ஆளே போன பிறகு வாரிசுகளை அலைய விடுகிறார்கள். சம்பள உயர்வை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்காமல் "ஊக்குவிப்புக் கொடுப்பனவு" என்று தர முதலாளிமார் ஏன் துடிக்கிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்கும். 350 ரூபாவை அடிப்படைக்கு வெளியே வைத்தால், இதே அம்மாவின் பணிக்கொடையில் 1,47,000 ரூபா காணாமல் போகும். அடுத்த முறை யாராவது "மொத்தமாகக் கைக்கு எவ்வளவு வருகிறது பாருங்கள்" என்று சொல்லும்போது இந்தத் தொகையை நினையுங்கள்.

கடன் பக்கத்துக்கும் வருகிறேன். நம் பாட்டன்மார் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டச் சம்மதிக்கிற துரை ஆளை எடுத்துக்கொள்ளலாம். 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்று லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறது புதிய துண்டு, நுண்கடன் புத்தகம். 50,000 ரூபா தருவார்கள். வாரம் 1,200 வீதம் 52 வாரம் கட்டினால் 62,400 ரூபா. "வட்டி 25 வீதம்கூட இல்லை அக்கா" என்பார்கள். அது உண்மையல்ல. ஆறு மாதத்தில் பாதிக் கடனை அடைத்துவிடுகிறோம், ஆனால் வட்டி கடைசி வாரம் வரை முழு 50,000 ரூபாவுக்கே போகிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 45 வீதத்தைத் தாண்டும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் தங்கச்சியும் அக்காவும் பகையாகிறார்கள். வளர்கிற குடும்பத்துக்கு வருகிற முதல் ஆபத்து இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். சேமிக்க வழியில்லாத வீடு, இந்தக் கடனை எடுக்காமல் இருந்தாலே பாதி சேமித்த மாதிரி. நம்பிக்கையான பத்துப் பேர் சேர்ந்து நடத்துகிற சீட்டு இதைவிட ஆயிரம் மடங்கு மேல், ஆனால் அதற்கும் பெயர், தொகை, தேதி எழுதிய ஒரு கொப்பி இருக்க வேண்டும்.

தீபாவளி முற்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது போனஸ் அல்ல, நம்முடைய வரப்போகிற சம்பளம். 20,000 வாங்கினால் பத்து மாதத்துக்கு 2,000 வீதம் வெட்டு. வட்டி இல்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் கடனை வாங்கிக் கொடுத்துவிட்டு மாலை போட்டுக்கொள்கிற தலைவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது உண்டு. கம்பனியைத் திட்டிவிட்டுப் போத்தலை மறைத்துக்கொண்டால் இந்தப் பத்திரிகைக்கு மரியாதை இல்லை. இரண்டு கால் போத்தல் ஒரு நாள் பேரை முழுதாகத் தின்றுவிடும். யாருடைய பேர் அது? பல வீடுகளில் மனைவியுடையது. அட்டை கடித்து, மழையில் நனைந்து அவள் எடுத்த கொழுந்தின் காசு வங்கிக்குப் போகிறது, வங்கி அட்டையோ கணவனின் சட்டைப்பையில் இருக்கிறது. முன்பு மனைவியின் சம்பளத்தைக் கணவன் வரிசையில் நின்று வாங்கினான், இன்று இயந்திரத்தில் வாங்குகிறான். ஆண் தோழர்களே, கோபப்படாதீர்கள். உழைப்பவர் கையில் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். அந்த நியாயம் லயக் கதவோடு நின்றுவிட முடியாது. அவளுடைய அட்டையை அவளிடம் கொடுங்கள். சடங்கும் திருவிழாவும் வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன், வருடம் முழுக்க மலையில் கிடக்கிறவர்களுக்கு ஒரு நாள் வேண்டும். ஆனால் பக்கத்து லயத்தை விடப் பெரிய பந்தல் போட நுண்கடன் எடுப்பதற்குப் பெயர் கொண்டாட்டம் அல்ல.

ஆகவே அவர்கள் தந்த கொப்பியை வீசிவிடாதீர்கள், எழுதுங்கள். ஆனால் அவர்கள் சொன்னதை மட்டும் அல்ல. ஒரு பக்கத்தில் அரிசி, மா, பால்மா விலை. மறு பக்கத்தில் ஒவ்வொரு நாளும் போட்ட பேர், அரைப்பேர், நிறுத்த கிலோ, கைக்காசு. சம்பளச் சீட்டு வந்ததும் ஒத்துப் பாருங்கள். செக்ரோலில் விழாத ஒரு பேர் ஒரு முழு நாட்சம்பளம், அதை மீட்பது எந்தச் சிக்கனத்தையும் விடப் பெரிய சேமிப்பு. கையெழுத்து வைத்துச் சம்மதிக்காத கழிவு இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். நூறு வீட்டின் கொப்பி சேர்ந்தால், சம்பள நிர்ணய சபையில் வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேசப் போகிறவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

பிள்ளை பெறப்போகும் சகோதரிகள் ஒன்று கவனியுங்கள். மூன்றாவது பிள்ளைக்கு லீவு குறைவு என்று இன்னும் சில இடங்களில் சொல்கிறார்களாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வாரந்தான். பிரசவ காலத்தில் அந்தச் சம்பளம் வராமல் போனால்தான் முதல் அடகும் முதல் கடனும் தொடங்குகிறது.

அடுத்த சம்பள நாளுக்குப் பின் வருகிற ஞாயிற்றுக்கிழமை, தோட்டக் கமிட்டித் தலைவர் தலைவிமார் ஒவ்வொரு டிவிசனிலும் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், இருந்தால் கணக்குக் கூற்று, இவற்றை எடுத்து வாருங்கள். ஓய்வு பெற்றுப் பணிக்கொடை வராதவர்களும் வரலாம், நின்ற தேதி தெரிந்தால் போதும். தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். செக்ரோலில் ஒரு பெயரும் அட்டையில் இன்னொரு எழுத்துமாக இருப்பதால் சேமலாப நிதி கிடைக்காமல் அலைகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அதைத் திருத்துவதிலிருந்துதான் அன்றைய வேலை தொடங்கும்.