படம் சாட்சியாக நிற்க எவ்வளவு செலவாகும்?

2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்ததாகப் படைத்தரப்பு சொன்னது. பிரேத அறையில் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். 'சுடர் ஒளி' அவற்றை வெளியிட்டது. அதே மாதம் 24 ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 யூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

ஒரு படம் சாட்சியாக நிற்பதில் எடுப்பவரின் துணிவுக்கு அடுத்தபடியாகக் கமராவுக்கும் பங்குண்டு. அந்தக் கமராவில் எதை வைப்பது, எதைக் குறைப்பது என்பதை நிறுவனங்களின் செலவுக் கணக்கே தீர்மானிக்கிறது.

கமராவில் விலை கூடிய பாகங்களில் ஒன்று ஒளியைப் பதியும் சென்சர். முழுச்சட்டக சென்சரின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். சிறிய கமராக்கள் பலவற்றில் அது 25 சதுர மில்லிமீற்றர் அளவுதான். ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து சிறிய சென்சர்களைப் பல மடங்கு வெட்டி எடுக்கலாம், பழுதாகிக் கழிபவையும் குறைவு. இழப்பு இருட்டில் தெரியும்: சிறிய சென்சர் குறைந்த ஒளியையே வாங்கும். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் மெகாபிக்சல் எண் இதைச் சொல்லாது.

எல்லாச் சிக்கனமும் படத்தைக் கெடுப்பதில்லை. 2003 இல் கனன் நிறுவனம் வெளியிட்ட 300டி, 1,000 டொலருக்குக் கீழே வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமரா. அதைவிட விலை கூடிய 10டியில் இருந்த அதே 6.3 மெகாபிக்சல் சென்சர்தான் இதிலும் இருந்தது. உடலைப் பிளாஸ்ரிக்கில் செய்து, சில வசதிகளை மென்பொருளில் முடக்கி விலையைக் குறைத்தார்கள். படத்தின் தரம் பெரிதாகக் குறையவில்லை.

பிறகு கைத்தொலைபேசி வந்தது. 2010 இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் விநியோகமான டிஜிட்டல் கமராக்கள், 2023 இல் 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கின. மலிவுக் கமராக்களைக் கைவிட்ட நிறுவனங்கள் விலை கூடியவற்றில் இலாபம் தேடுகின்றன. 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்டில், சுயாதீன ஊடகவியலாளருக்கு அவை எட்டாத தூரம். மிஞ்சுவது தொலைபேசி. அதன் சிறிய சென்சரின் குறையை மென்பொருள் மறைக்கிறது. இரைச்சற் புள்ளிகளை அழிக்கும்போது காயத்தின் விளிம்பும் தோலின் நுண்தடமும் சேர்ந்து மழுங்கலாம். பார்வைக்கு அழகான படம், சாட்சியத்துக்குப் பலவீனமான படமாகிவிடும்.

படத்தின் மூலத்தை உறுதிப்படுத்தும் டிஜிட்டல் முத்திரை 2023 இல் வந்ததும் 9,000 டொலரைத் தாண்டிய லைக்கா கமராவில். போலிப் படங்கள் பெருகும் காலத்தில், பொய் என்று எளிதில் தள்ளிவிடப்படுவது வசதியற்றவர்கள் எடுத்த படங்களே.

செலவில்லாத பாதுகாப்பும் உண்டு. மூலக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய தரவும் அழியும். ஆவணமாக அனுப்புங்கள். காயத்தையோ காணியின் எல்லைக்கல்லையோ எடுக்கும்போது, அளவு தெரிய அருகே ஒரு பொருளை வைத்தும் ஒரு படம் எடுங்கள். விசாரணை பதின்மூன்று ஆண்டுகள் இழுபட்டாலும் படம் கேள்விக்கு நிற்கவேண்டும்.