திறக்க வேண்டாம் என்று மூன்று மொழியில்

வெளிநாட்டுப் பயணம் என்றால் பொதி கட்டும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. மிளகாய்த்தூள் எந்தப் பெட்டியில், மருந்துத் துண்டு எந்தக் கைப்பையில், உடையக்கூடிய போத்தலை எந்தத் துணியில் சுற்றுவது என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். இதை ஓர் அறிவு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025 மாசி மாதத்தில் ஒரு பெரிய கமராவையும் அதன் பிலிம்களையும் விமானப் பயணத்துக்காகக் கட்ட உதவியபோது, அந்த அறிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைக் கண்டேன்.

என்னோடு சமூகவியல் படித்த தோழி ஒருவர் இங்கிலாந்தில் ஒளிப்படக் கலைஞராக இருக்கிறார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற 18 பெண்களை உருவப்படம் எடுப்பதற்காக அவர் வந்திருந்தார். பழைய ஸ்ரூடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார்களே, அந்த வகைக் கமரா அவருடையது. இதற்குப் பிலிம் சுருளாக வருவதில்லை. 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவான தனித்தனித் தாள்கள். ஒரு தாளுக்கு ஒரே ஒரு படம். கமராவின் பின்புறத்திலுள்ள தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். துணிக்குள் எட்டிப் பார்த்த பாட்டி ஒருவர், "ஐயையோ மிஸ், என் தங்கச்சி வௌவால் மாதிரி தொங்குறா" என்று சொல்ல, லயமே சிரித்தது.

ஒருவருக்கு இரண்டு தாள் வீதம் 36 தாள்கள். அவற்றைக் கழுவப்போவது தோழியின் இங்கிலாந்து இருட்டறையில். அதுவரை படம் தாளில் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும். கடுமையான எக்ஸ்ரே பட்டால் புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

படம் எடுத்த நாளுக்கும் பொதி கட்டிய நாளுக்கும் இடையில் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் இறந்துபோனார். கருமாதிக்கு வைப்பதற்கு அவருடைய அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கினார்கள். முகம் புள்ளி புள்ளியாக இருந்தது. "நீங்க எடுத்தது எப்ப மிஸ் வரும்?" என்று மகள் கேட்டார். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் பொதி கட்ட உட்கார்ந்தோம்.

திரும்பவும் வாங்கக்கூடியது கீழே, வாங்க முடியாதது கையில் என்பதுதான் தோழியின் கணக்கு. பல விமான நிறுவனங்கள் கைப்பொதிக்கு 7 கிலோ மாத்திரமே அனுமதிக்கின்றன. அதனால் முதல் இடம் பிலிம் பெட்டிக்கு, அடுத்தது லென்ஸ்களுக்கு, பிறகு கமராவுக்கு. இரும்பு முனையுள்ள முக்காலி, திருகாணிக் கருவிகள், வெறுமையான பிலிம் சட்டங்கள் எல்லாம் சூட்கேசுக்குள் போயின. சட்டங்களுக்குள் தூசி போனால் படத்தில் புள்ளி விழும் என்பதால் ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் போட்டு மூடினோம். மேலதிக லிதியம் பற்றரிகளைச் சூட்கேசில் போடக்கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் அவை கையோடுதான் போகவேண்டும். கையடக்கத் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்குக்கும் இதே விதிதான். மத்திய கிழக்குக்குப் போகும் எங்கள் சகோதரிகளும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

லென்சை அதன் பலகையோடு கழற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டோம். அதற்கு முன் ஷட்டரின் வில்லைத் தளர்த்திவிட்டார். இழுத்த நிலையிலே நாட்கணக்கில் வைத்தால் வில் பலவீனப்படுமாம். கமராவின் துருத்தியை மெதுவாக மடித்தார். தேய்த்த கண்ணாடியை என்னிடம் தந்தார். நான் இரண்டு பக்கமும் தடித்த மட்டை வைத்து, அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டால் சுற்றினேன். நைலோன் சேலை தூசியை இழுத்துக்கொள்ளும். கஞ்சி போகத் துவைத்த பருத்தி அப்படியல்ல. கண்ணாடியைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், பீங்கான் தட்டுகளை அடுக்குவதுபோல நிமிர்த்தி வைக்கலாம் என்றேன். தோழி மறுக்கவில்லை. எல்லாவற்றையும் சுற்றிக் கட்டுவதற்குக் கறுப்புத் துணி இருக்கவே இருந்தது.

பிலிம்தான் பெரிய விடயம். படம் எடுத்த தாள்களைச் சட்டத்திலேயே விட்டால், சோதனை செய்யும் அதிகாரி மூடியை இழுத்துப் பார்த்துவிடுவார். ஆகையால் எல்லாவற்றையும் இரவில் வெளியே எடுத்தோம். இரண்டு கை நுழையும் இருட்டுப் பைக்குள் தோழி தடவித் தடவித் தாள்களை எடுத்து, பிலிம் வந்த பெட்டிகளிலேயே திரும்ப அடுக்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூடியுள்ள பெட்டிகள் அவை. ஒவ்வொரு பெண்ணின் இரண்டு தாள்களில் ஒன்றை முதற் பெட்டியிலும் மற்றதை இரண்டாம் பெட்டியிலும் வைத்தார். ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்தாலும் 18 முகங்களும் மற்றதில் இருக்கும். நான் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். பட்டியலின் பிரதி ஒன்று என் கோப்பில் இருக்கிறது.

பெயர்களில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1875இல் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர், பெரிய கமராவோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அவர் 48 வயதில்தான் கமராவைத் தொட்டவர். அந்தக் காலத்தில் பிலிம் இல்லை. கனமான கண்ணாடித் தகடுகள்தான். அத்தனை பாரத்தையும் கொண்டுவந்து, இங்கே வேலை செய்த எங்கள் மக்களையும் படமெடுத்தார். 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சியிருக்கும் அந்தச் சில படங்களில் நிற்கும் தொழிலாளப் பெண்கள் பலரின் பெயர் எங்கும் இல்லை. தகடு உடையாமல் வந்து சேர்ந்தது, பெயர் வழியிலே தொலைந்துவிட்டது.

இனி விமான நிலையம். கழுவாத பிலிமை ஒருபோதும் சூட்கேசில் போடக்கூடாது. கீழே போகும் பொதிகளைச் சோதிக்க 1990களிலிருந்தே பல நாடுகளில் மிகக் கடுமையான கதிர் இயந்திரங்கள் வந்துவிட்டன. கைப்பொதிக்கான பழைய இயந்திரம் வேகம் குறைந்த பிலிமை ஓரிரு தடவையில் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் இப்போது பல விமான நிலையங்களில் வைத்தியசாலையில் உள்ளதுபோன்ற சீ.ரீ. ஸ்கான் முறை இயந்திரங்கள் கைப்பொதிக்கும் வந்துள்ளன. அவற்றினூடாகப் பிலிமை அனுப்ப வேண்டாம் என்று கோடாக், இல்ஃபோர்ட் போன்ற பிலிம் நிறுவனங்களே சொல்கின்றன. ஈயம் பூசிய பை வாங்கிப் போட்டாலும் நம்ப முடியாது. திரையில் அது கறுப்புக் கட்டியாகத் தெரிய, சந்தேகம்தான் கூடும்.

ஒரே வழி, கையால் சோதிக்கும்படி கேட்பது. அமெரிக்காவில் இப்படிக் கேட்கப் பயணிக்கு விதியிலேயே இடமுண்டு. மற்ற நாடுகள் பலவற்றில் அது எதிரே நிற்கும் அதிகாரியின் மனதைப் பொறுத்தது. எனவே நேரத்தோடு போகவேண்டும், வரிசை நீளமாவதற்கு முன் பேசவேண்டும், குரலை உயர்த்தக்கூடாது. பெட்டியைத் தெளிவான பொலித்தீன் பையில் தனியாக எடுத்துக் கையில் வைத்திருக்கவேண்டும். "ஒளி படக்கூடாத பிலிம், திறக்க வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம்" என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதி ஒட்டினேன். சிங்கள வசனத்தை எங்கள் அலுவலகச் சகோதரி ஒருவர் திருத்தித் தந்தார். உள்ளே என்ன என்று கேட்டால் காட்டுவதற்கு, வெளிச்சம் பட்டுப் பழுதான தாள் ஒன்றைத் தோழி தனியாக வைத்திருந்தார். அது நல்ல யோசனை. வாயால் விளக்குவதைவிட அந்தத் தாள் விரைவாக விளங்கவைத்தது என்று பிறகு சொன்னார். அதிகாரி பெண், பெட்டியின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மட்டும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாராம்.

இவ்விடத்தில் வாசகியர் சிலர் யோசிக்கலாம். வீட்டில் பிலிம் முடியாத பழைய கமரா இருந்தால், பிள்ளையிடம் போகும்போது அதைச் சூட்கேசில் போடாதீர்கள். கழுவி முடித்த நெகட்டிவ்களுக்கோ, அச்சிட்ட கலியாணப் படங்களுக்கோ எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆகாது; பயப்படாமல் கொண்டுபோகலாம்.

முதற் பெட்டி போய்ச் சேர்ந்து, கழுவியாகிவிட்டது. இறந்துபோன பாட்டியின் முகம் நெற்றிச் சுருக்கம் வரை தெளிவாக வந்திருக்கிறது. மகளுக்குக் கைத்தொலைபேசியில் காட்டினேன். நிறைய நேரம் பார்த்துவிட்டு, "காது குத்தின ஓட்டைகூடத் தெரியுது மிஸ்" என்றார். இரண்டாம் பெட்டி சிலிக்கா பொட்டலங்களோடு பிஸ்கற் தகரத்துக்குள் என் அலுமாரியில் இருந்தது. தோழிக்குத் தெரிந்த ஒருவர் சித்திரை விடுமுறை முடிந்து திரும்பும்போது, பழுதான தாள் ஒன்றோடு அதையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.