கிரீஸ் அப்பினால் பல் முளைக்குமா?

சின்ன பிளானட்டரி கியர்பாக்ஸ் கடகடத்தால் நம்மாட்கள் உடனே கிரீஸை அப்புவார்கள். சத்தம் அமுங்கும். உடைந்த பல்?

முதலில் எண்ணுங்கள் மக்களே! நடுவிலுள்ள சூரிய கியருக்கு 12 பல், சுற்றிலும் அசையாத வளையத்துக்கு 48, இடையே 3 கோள் கியர்கள் என்று வையுங்கள். விகிதம் 5:1. கோள்களைச் சுமக்கும் வெளித்தண்டைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். 3 'டக்' வந்தால் வளையத்தில் ஒரு பல் போச்சு. 12 வந்தால் சூரியனில்: அது வெளித்தண்டைவிட 4 சுற்று கூடுதலாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் 3 கோள்களையும் தட்டுகிறது. எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று மாறினால் கோள் கியரைப் பாருங்கள். (பி.காம். படிக்கிற எனக்கே இந்தக் கணக்கு வருகிறது!)

'டக்' இல்லாமல் சீராக ஊளையிட்டால் தேய்மானமோ, கோணலாகப் பூட்டிய மோட்டாரோ காரணமாகலாம். அதற்கும் கிரீஸா?

"முழு பாக்ஸையும் மாத்தணும்" என்று பில் போடுகிறவரிடம் எந்தப் பல் போச்சு என்று கேட்டுப் பாருங்கள்.