டேஃப் வழியாகவும் யூனிக்குப் போகலாம்

டிசம்பரில ஏட்டார் வந்தால் கெல்லிவில் பக்கம் எங்கட ஆட்களின்ர முதல் கேள்வி, "எத்தினை?" இங்கேயே படிச்சு, அதே கேள்விக்கு ஒளிச்சுத் திரிஞ்ச நாங்கள்தான் இப்ப கேட்கிறம்! பிள்ளை டேஃபில நர்சிங் என்றால் வெளியில சொல்லக் கூசுறம்.

கணக்கைப் பாருங்கோ. நர்சிங் டிப்ளோமா ஏறக்குறைய 18 மாதம், ஏட்டார் தேவையில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று குறைந்தது 400 மணிநேர நேரடிப் பயிற்சி. முடித்துப் பதிவு செய்தால் பிள்ளை என்ரோல்ட் நர்ஸ். பிறகு 3 வருட நர்சிங் பட்டத்தில் பல யூனிகள் ஒரு வருடம் வரை கழித்துவிடும். மொத்தம் மூன்றரை வருடம். நேரே யூனிக்குப் போன பிள்ளையைவிட ஆறு மாதம்தான் கூட. அந்தக் கடைசி இரண்டு வருடமும் நர்சாகப் பகுதிநேரம் உழைத்துக்கொண்டே படிக்கலாம். யூனியில் நேரே சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் பதிவு கையில் இராது.

ஆனால் முதியோர் பராமரிப்பு செர்டிஃபிகேட் 3 வேறு, டிப்ளோமா வேறு. இரண்டையும் குழப்பிச் சேர்ந்துவிட்டால் இந்தக் கழிவை எதிர்பார்க்க முடியாது. டிப்ளோமாவுக்கும் யூனிக்கு யூனி கழிவு மாறும். சேர முதலே, விரும்புகிற யூனியிடம் எவ்வளவு கழிப்பினம் என்று எழுத்தில கேட்டு வாங்குங்கோ.