பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

கல்லூரி திறக்கும் மாதம் வந்துவிட்டால், நடுத்தரக் குடும்பங்களின் வரவு செலவு நோட்டுக்கு ஜுரம் கண்டுவிடும். சம்பளம் கட்டியாக வேண்டும். பஸ் பாஸ் எடுத்தாக வேண்டும். ஹாஸ்டல் என்றால் அது தனிக் கதை. எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்து, அப்பாடா என்று உட்காரும்போது பெண் மெதுவாக வந்து, "அம்மா, புஸ்தகம்..." என்று இழுப்பாள். சம்பளம் கட்டாமல் இருக்க முடியாது. புஸ்தகம் வாங்காமல் இருக்கலாம் அல்லவா? ஆகவே வெட்டு விழுவது புஸ்தகத்தின் தலையில்தான். "சிநேகிதியிடம் வாங்கிப் படித்துக்கொள்ளேன்" என்று சொல்லிவிடுகிறோம். சிநேகிதி வீட்டிலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை!

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரிப் பாட புஸ்தகம் ஒன்றின் விலை 100 டாலர், 200 டாலர் என்று போவது சகஜம். அங்கேயும் புஸ்தகம் இல்லாமலே வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் உண்டு. கலிபோர்னியாவில் டி ஆன்ஸா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் சேருகிற வகையைச் சேர்ந்த கல்லூரி அது. அங்கே கணக்கு சொல்லிக் கொடுத்த பார்பரா இல்லோவ்ஸ்கி, சூசன் டீன் என்ற இரண்டு பெண்மணிகள், தங்கள் மாணவர்களுக்காகப் புள்ளியியல் பாட புஸ்தகம் ஒன்றை எழுதினார்கள். 2008-ல் மாக்ஸ்ஃபீல்டு என்ற அறநிலையத்தின் உதவியால் அந்தப் புஸ்தகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டது. பிறகு ஹூஸ்டன் நகரத்து ரைஸ் சர்வகலாசாலை 2012-ல் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' என்ற பெயரில் இலவசப் பாட நூல்களை வெளியிடத் தொடங்கியது. இந்த இருவர் எழுதிய நூலும் 2013-ல் அந்த வரிசையில் சேர்ந்தது. இன்று கையில் செல்போன் உள்ள எவரும் அதைக் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம்.

"அதெல்லாம் சரி, இனாமாகக் கிடைப்பது உருப்படியாக இருக்குமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இனாமாகக் கிடைப்பது வேறு. உரிமையோடு கிடைப்பது வேறு.

நம் பாட்டிமார் காலத்துக் கோல நோட்டை நினைத்துப் பாருங்கள். எதிர் வீட்டு மாமி நோட்டைக் கொடுத்து, "பார்த்துப் போட்டுக்கொள், ஆனால் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே" என்பாள். அடுத்த வீட்டு மாமி தாராள குணம். "உங்கள் வாசல் சின்னது, பதினைந்து புள்ளியை ஒன்பதாகக் குறைத்துக்கொள். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல், அது போதும்" என்பாள். மூன்றாவது மாமி, "நீ மாற்றிப் போட்டதை நாலு பேருக்கும் கொடுக்க வேண்டும், காசு வாங்கக் கூடாது" என்று நிபந்தனை போடுவாள்.

இந்த மாமிகள் வாயால் சொன்னதைத்தான் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற அமைப்பு 2002-ல் சட்ட வாசகமாக எழுதி வைத்தது. புஸ்தகத்தின் முதல் பக்கங்களில் அந்த அனுமதி வாசகம் இருக்கும். பெயரைச் சொன்னால் போதுமா, மாற்றலாமா, விற்கலாமா, மாற்றியதை அதே அனுமதியோடு பிறருக்குத் தர வேண்டுமா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதே 2002-ல்தான் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மகாநாட்டில் இப்படிப்பட்ட பாடங்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்று பொருள்படும் பெயரும் சூட்டப்பட்டது. அனுமதி வாசகம் இல்லாமல் இணையத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் போட்டு வைத்த புஸ்தகமும் இனாமாகத்தான் கிடைக்கிறது. அது இந்த இனம் அல்ல.

சரி, தரத்துக்கு வருவோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அந்தப் பழமொழியைத் தள்ளி வைத்துவிடுங்கள். இந்த மாட்டின் பல்லை அவசியம் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பல் சரியில்லை என்றால் வேறு பல் கட்டிக்கொள்ளவும் நமக்கு அனுமதி இருக்கிறது!

அந்தப் புள்ளியியல் நூலையே எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பழக அதன் பின்பகுதியில் இரண்டு பட்டியல்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடித்த நேரம். மற்றொன்று, 1999-ல் வெளியாகி, முதல் நாளிலேயே இரண்டு மடங்கு ஏறிய அமெரிக்கப் பங்குகளின் விலை. கலிபோர்னியாப் பிள்ளைகளுக்கு இவை சுவாரஸ்யமாக இருக்கலாம். விழுப்புரத்திலோ விருதுநகரிலோ படிக்கிற பெண்ணுக்கு? பங்கு என்றால் என்ன என்று விளக்குவதிலேயே மணி அடித்துவிடும். சராசரி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

கெட்டிக்கார ஆசிரியை என்ன செய்வார்? பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு பட்டியலை மட்டும் மாற்றுவார். உள்ளூர் மார்க்கெட்டில் ஒரு மாதத்துத் தக்காளி விலையைத் தினம் ஒரு மாணவியாகக் குறித்து வரச் சொல்வார். கல்லூரி வாசலில் பஸ் வந்து நிற்கும் நேரத்தைக் குறிக்கச் சொல்வார். தக்காளி விலை ஒரு நாள் எகிறினால் சராசரி எப்படி ஏமாற்றுகிறது, நடு எண் எப்படி உண்மையைச் சொல்கிறது என்பதை அந்தப் பெண்கள் பரீட்சை முடிந்த பிறகும் மறக்க மாட்டார்கள். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலக் கல்லூரியில் விழித்துக்கொண்டு நிற்கிற மாணவிக்காக, கடினமான பகுதியை நாலு பக்கம் தமிழாக்கியும் கொடுக்கலாம். சாதாரணப் பாட புஸ்தகத்தில் இப்படிக் கை வைத்து, அச்சிட்டு, வகுப்புக்கு வழங்கினால் பதிப்பாளர் வழக்குப் போடுவாரோ என்று பயப்பட வேண்டும். மாற்ற அனுமதி தந்த நூலில் அந்தப் பயம் இல்லை. நூலாசிரியர் பெயரைப் போட்டு, எதை மாற்றினோம் என்று ஒரு வரி எழுதினால் நாணயமான காரியம் ஆகிவிடும்.

நூலைப் பொதுவில் வைப்பது தமிழர்களுக்குப் புதிய விஷயமும் அல்ல. பாரதியாரின் எழுத்துக்களுக்கான உரிமையை 1949-ல் சென்னை சர்க்கார் வாங்கியது. அடுத்த சில வருஷங்களில் அதை மக்களுக்கே பொதுவாக்கியது. பாரதி பாட்டு மலிவுப் பதிப்பாக வீட்டுக்கு வீடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தமிழ்ப் பேராசிரியைகள் அதை இன்றும் பயன்படுத்தி வருகிறார்கள். விஞ்ஞானம், பொறியியல் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்கள் இருக்கின்றன. பாடம் கேட்கக் காசில்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புஸ்தகத்துக்கு விலை இல்லை. உழைப்புக்கு விலை உண்டு. நூறு புஸ்தகத்தில் நல்லதைத் தேட வேண்டும்; நம் பாடத்திட்டத்தோடு ஒப்பிட வேண்டும்; இடைவெளியை எழுதி நிரப்ப வேண்டும். இதையெல்லாம் ஆசிரியை எப்போது செய்கிறார்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு! கல்லூரி நிர்வாகமோ "இலவசம்தானே" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறது. இது தர்மம் ஆகாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருக்கு வகுப்பைக் குறைத்துக் கொடுக்கட்டும். நூல்நிலையத்தில் பத்துப் பிரதி அச்சிட்டு வைக்கட்டும். செல்போனில் படித்துக் கண் பூத்துப்போகிற பெண்ணுக்கு ஒரு காகிதப் பிரதி எத்தனை பெரிய உபகாரம்!

ஆசிரியையாக இருக்கும் சகோதரிகளே, முழுப் புஸ்தகத்தையும் ஒரே வருஷத்தில் மாற்ற முயலாதீர்கள். மாணவிகள் அதிகமாகத் திணறுகிற ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் இன்னொன்று. உங்களோடு வேலை செய்கிறவர் மற்றொன்றைச் செய்தால், மூன்று வருஷத்தில் உங்கள் இலாகாவுக்கென்று சொந்தமாக ஒரு புஸ்தகம் இருக்கும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "இந்தப் பாடத்துக்கு அனுமதியோடு கிடைக்கும் இலவச நூல் இருக்கிறதா? அதை நூல்நிலையத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறீர்களா?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். பத்துத் தாய்மார்கள் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்? என்ன பதில் வந்தது என்று நமக்கும் ஒரு கார்டு போடுங்கள்.