அட்டவணை நிரப்பினால் பரவல் புரியாது

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி இயல் புள்ளியியலும் நிகழ்தகவும். அதில் வரும், தரவின் பரவலை அளக்கும் திட்டவிலக்கத்தைப் பற்றி ஆசிரியர் அறைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் பெற்றோர் மத்தியிலும் ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. "அது மார்க் வாங்கித் தரும் பாடம். ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி, கட்டம் போட்டு, வரிசையாக நிரப்பினால் ஐந்து மார்க் நிச்சயம். விடை தப்பினாலும் ஸ்டெப் மார்க் உண்டு. அர்த்தமெல்லாம் காலேஜில் பார்த்துக்கொள்ளலாம்." தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஆசிரியரின் நெருக்கடியில் பிறந்த கருத்து இது. அந்த நெருக்கடியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் கருத்து தவறு. அதைத் தாங்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்காது.

புரிதல் பிறகு தானாக வரும் என்பது முதல் வாதம். வராது. 48, 49, 50, 51, 52 என்று ஐந்து மதிப்பெண்கள். 10, 30, 50, 70, 90 என்று இன்னொரு ஐந்து. இரண்டுக்கும் சராசரி 50. எதற்குத் திட்டவிலக்கம் அதிகம் என்று கேட்டால், எண்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கட்டம் போட்டே பழகிய மாணவர் பேனாவைத் திறந்து கணக்கிடத் தொடங்குவார். முதலாவதற்கு 1.41, இரண்டாவதற்கு 28.28 என்று சரியாகவே கண்டுபிடிப்பார். 28 என்பது எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

எல்லோருக்கும் 5 மதிப்பெண் கருணையாகக் கூட்டினால் திட்டவிலக்கம் மாறுமா என்ற கேள்வியும் அப்படித்தான். மாறாது என்பது புத்தகத்திலேயே இருக்கிறது; ஒரு மார்க் கேள்விக்கான விடையாக மனப்பாடமும் ஆகிவிட்டது. எல்லாரும் சேர்ந்து நகர்ந்தால் அவர்களுக்கு இடையிலான தூரம் மாறாது என்பதைக் கண்ணால் கண்ட மாணவருக்கு மனப்பாடம் தேவையில்லை. ஊகச் சராசரி முறை இதே உண்மையின் மேல் எழுந்ததுதான்; படி விலக்க முறை அதனுடன் அளவைச் சுருக்கி, பிறகு பெருக்கிக்கொள்கிறது. கைக்கணக்கின் பாரத்தைக் குறைக்க வந்த அந்த முறைகளை ஏன் அப்படிச் செய்யலாம் என்று சொல்லாமலே நடத்துகிறோம். மாணவரோ அவற்றைத் தனித்தனிச் சூத்திரங்களாகச் சுமக்கிறார். புரியாமல் சுமந்ததைக் கல்லூரி இறக்கி வைப்பதில்லை. அங்கே இதன் மேல் அடுத்த மாடி கட்டப்படுகிறது.

அடுத்தது, நடைமுறைக்குச் சராசரி தெரிந்தால் போதும் என்ற வாதம். சென்னைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நகரத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது, அடையாற்றங்கரை மூழ்கியது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சராசரியை மட்டும் வைத்து ஏரிக்கும் வடிகாலுக்கும் திட்டம் போட முடியாது. எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதைத்தான் கால்வாயின் அகலமும் ஏரியின் கொள்ளளவும் தாங்கியாக வேண்டும்.

பள்ளிக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளக்கச் சொல்கிறோம். அளவீடுகளை எழுதி, கூட்டி, வகுத்து, சராசரியைக் குறித்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகின என்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே ஆண்டு இயற்பியல் புத்தகம் சராசரி தனிப்பிழையைக் கற்றுத் தருகிறது. ஒவ்வொரு அளவீடும் சராசரியிலிருந்து விலகிய தூரத்தைக் குறி பார்க்காமல் கூட்டி வகுப்பதுதான் அது. புள்ளியியலில் அதற்குப் பெயர் சராசரி விலக்கம். பத்தாம் வகுப்பில் படித்த பரவலுக்கும் இதற்கும் உறவு உண்டு என்று இரண்டு பாடத்தின் ஆசிரியரும் சொல்வதில்லை. இந்த இழப்பு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு வீச்சு போதும், பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் முடிந்தது என்பார்கள். தொடக்கத்துக்கு வீச்சு நல்லதுதான். அங்கேயே நிறுத்துவதுதான் பிழை. 40, 50, 50, 50, 50, 60 என்ற தரவுக்கும் 40, 40, 40, 60, 60, 60 என்ற தரவுக்கும் வீச்சு 20தான். முதலாவதில் பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள், இரண்டாவதில் நடுவில் ஒருவரும் இல்லை. வீச்சுக்கு இது தெரியாது. திட்டவிலக்கத்துக்குத் தெரியும்: 5.77, 10. வீச்சில் இன்னொரு குறையும் உண்டு. தரவு சேரச் சேர அது கூடலாம், ஒருபோதும் குறையாது. ஐந்து பேர் உயரத்தின் வீச்சையும் ஐம்பது பேர் உயரத்தின் வீச்சையும் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடே அல்ல.

இனி, வகுப்பறையில் மிக அதிகமாகக் கேட்கும் விளக்கத்துக்கு வருவோம். விலக்கங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம்? "மைனஸை ஒழிக்க" என்பது பதில். கூர்மையான மாணவி உடனே கேட்பாள்: மைனஸ்தான் பிரச்சினை என்றால் குறியை விட்டுவிட்டுக் கூட்டலாமே, வர்க்கம் எடுத்துப் பிறகு வர்க்கமூலமும் எடுக்கும் சுற்றுவழி எதற்கு? அவள் கேட்டது சரி. இயற்பியல் புத்தகம் அப்படித்தான் செய்கிறது. அறிஞர்களே இதில் வாதாடியிருக்கிறார்கள். திட்டவிலக்கம் என்ற பெயரைக் கார்ல் பியர்சன் 1890களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1914இல், நடைமுறையில் சராசரி விலக்கமே மேல் என்றார். ரொனால்டு ஃபிஷர் 1920இல் மறுத்தார்: தரவு சரியான மணி வடிவப் பரவலில் இருந்தால், திட்டவிலக்கம் தரும் அதே துல்லியத்தைச் சராசரி விலக்கத்தில் பெற ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் தரவு வேண்டும். ஜான் டூக்கி 1960இல் வாதத்தை மறுபடி திருப்பினார்: ஆயிரத்துக்கு இரண்டு மதிப்புகள் மூன்று மடங்கு அகலமான பரவலிலிருந்து கலந்துவிட்டாலே அந்த ஆதாயம் போய்விடும். இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் எடை போட்ட ஒரு தேர்வை "மைனஸை ஒழிக்க" என்று முடித்துவிடுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

வர்க்கத்துக்கு இதைவிட அழகான காரணம் ஒன்று பத்தாம் வகுப்பு மாணவரின் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நீங்கள் மின்சார ரயிலில் போய் இறங்கி, பிறகு பேருந்து பிடிக்கிறீர்கள். ரயில் பயண நேரத்தின் திட்டவிலக்கம் 3 நிமிடம், பேருந்துப் பயணத்துக்கு 4 நிமிடம், ஒன்றின் தாமதத்துக்கும் மற்றதன் தாமதத்துக்கும் தொடர்பில்லை. மொத்தப் பயணத்தின் திட்டவிலக்கம் எவ்வளவு? 7 அல்ல, 5. ரயில் தாமதமான நாளில் பேருந்து சீக்கிரம் போயிருக்கலாம். இரண்டும் சில நாட்களில் ஒன்றையொன்று ஈடுகட்டும். 9ம் 16ம் சேர்ந்து 25. பிதாகரஸ் தேற்றத்தை அதே ஆண்டு வடிவியலில் படித்த மாணவருக்கு இது எப்படிப்பட்ட கணமாக இருக்கும்! தொடர்பற்ற மாறுபாடுகள் சேரும்போது வர்க்கங்கள்தான் நேராகக் கூடுகின்றன. குறி நீக்கிய விலக்கங்களுக்கு இந்தக் குணம் இல்லை. விலக்க வர்க்கச் சராசரிக்குத் தனிப் பெயர் சூட்டி 1918இல் ஃபிஷர் எழுதிய கட்டுரை பரம்பரைப் பண்புகளைப் பற்றியது. மொத்த மாறுபாட்டை அதன் காரணங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க அவருக்குக் கூடும் அளவு ஒன்று தேவைப்பட்டது.

வர்க்கத்தைவிடக் கடுமையாக மாணவரைக் குழப்புவது வகுக்கும் எண். பள்ளியில் மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். கல்லூரியில் ஒன்றைக் குறைத்து வகுக்கச் சொல்கிறார்கள். கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான். கேட்டால், "அது ரூல், அப்படியே போடு" என்பார்கள். காரணம் உயர்கணிதம், இந்த வயதில் புரியாது என்பார்கள். மூன்று துண்டுச் சீட்டு இருந்தால் அரை மணி நேரத்தில் புரியவைக்கலாம்.

சீட்டுகளில் 2, 4, 6 என்று எழுதுங்கள். இதுதான் முழுத் தொகுதி. சராசரி 4, விலக்க வர்க்கச் சராசரி 8/3, அதாவது 2.67. இப்போது ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு, இரண்டாவது சீட்டை எடுங்கள். மொத்தம் ஒன்பது விதமாக வரலாம். ஒன்பதையும் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். மூன்று முறை ஒரே எண் இரண்டு தரம் வரும், வர்க்கங்களின் கூடுதல் 0. நான்கு முறை அடுத்தடுத்த எண்கள், கூடுதல் 2. இரண்டு முறை 2ம் 6ம், கூடுதல் 8. எண்ணிக்கையான 2ஆல் வகுத்தால் ஒன்பதின் சராசரி 1.33; உண்மையில் பாதிதான். ஒன்று குறைத்து 1ஆல் வகுத்தால் 24/9, அதாவது 2.67. உண்மை அப்படியே வந்து நிற்கிறது.

காரணத்தையும் அந்தப் பலகையிலேயே காட்டலாம். மாதிரியின் விலக்கங்களை நாம் உண்மைச் சராசரியான 4இலிருந்து எடுக்கவில்லை, அந்த மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்து எடுத்தோம். எந்த எண் கூட்டமும் தன் சொந்தச் சராசரிக்கு மிக அருகில்தான் இருக்கும். அதனால் பரவல் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. ஒன்று குறைத்து வகுப்பது அந்தக் குறையைச் சரிசெய்கிறது. வகுப்பு முழுவதன் மதிப்பெண்ணும் கையில் இருந்தால் இந்தத் திருத்தம் வேண்டாம். சிலரை அளந்து எல்லோரையும் பற்றிப் பேச நினைத்தால் வேண்டும். இதில் கூட்டலும் வகுத்தலும் தவிர வேறு கணிதம் எதுவும் இல்லை.

திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து விழுக்காடாக்கினால் கிடைப்பது மாறுபாட்டுக் கெழு. அது குறைவாக இருப்பதே அதிக நிலைத்தன்மை உடையது என்ற வாசகத்தையும் விடையின் கடைசி வரியாக எல்லோரும் எழுதுகிறார்கள். எப்போதும் அப்படியா? மூன்று நாள் வெப்பநிலை 30, 32, 34 டிகிரி செல்சியஸ் என்றால் கெழு 5.1 விழுக்காடு. அதே மூன்று நாளை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 3.3. வெயில் மாறவில்லை, நிலைத்தன்மை கூடிவிட்டதா? பூஜ்யம் என்றால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று பொருள்படும் எடை, நீளம், வருமானம் போன்றவற்றுக்குத்தான் இந்தக் கெழு பொருந்தும். இதை ஒரு பீரியடில் சொல்லிவிடலாம்.

கடைசி வாதம் வயதும் நேரமும். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழம் தாங்காது, சிலபஸ் முடியாது என்பது. அமெரிக்காவில் ரிச்சர்ட் லெரரும் அவருடன் பணியாற்றியவர்களும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஒரே பொருளை ஆளுக்கொருவராக அளக்கவிட்டார்கள். அளவுகள் வேறுபட்டபோது, நாம் எவ்வளவு ஒத்துப்போனோம் என்பதைக் காட்டும் ஓர் எண்ணைப் பிள்ளைகளே உருவாக்க வேண்டும். அவர்கள் உருவாக்கினார்கள், ஒருவர் முறையில் மற்றவர் குறை கண்டு திருத்தவும் செய்தார்கள். அந்நாட்டின் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்திட்டம் ஆறாம் வகுப்பிலேயே சராசரி விலக்கத்தை வைத்து, திட்டவிலக்கத்தை உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளியிருக்கிறது. தூரத்தைக் கூட்டி வகுத்துப் பழகியவருக்கு வர்க்கம் எதற்கு என்ற கேள்வி முன்பே மனதில் எழுந்திருக்கும்.

நேரமும் இங்கேயே இருக்கிறது. ஒரே வகைக் கணக்கைப் பத்துத் தரம் போடும் பயிற்சியில் நான்கைக் குறைத்தால் சீட்டு விளையாட்டுக்கு இடம் கிடைக்கும். மெல்லக் கற்கும் மாணவருக்குத்தான் இது அதிகம் உதவும். மனப்பாடத்தில் ஒரு கட்டம் மறந்தால் அவருக்கு எல்லாமே போய்விடுகிறது. பொருள் தெரிந்தால், விடை 280 என்று வரும்போது நூற்றுக்கு எழுதிய மதிப்பெண்களின் பரவல் இவ்வளவு இருக்க முடியாது என்று அவரே உணர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

ஆசிரியர்கள் எதை நடத்துகிறார்கள் என்பதை நம் ஊரில் வினாத்தாள்தான் தீர்மானிக்கிறது. ஆகவே வினாத்தாள் தயாரிப்பவர்களிடமே இந்த வேண்டுகோள். திட்டவிலக்கம் காண்க என்ற ஐந்து மார்க் கேள்வி இருக்கட்டும். அதனுடன் இரண்டு தரவுகளைத் தந்து, கணக்கிடாமல் எது அதிகம் சிதறியது, ஏன் என்று இரண்டு வரியில் எழுதச் சொல்லும் ஒரு கேள்வியை அடுத்த தேர்விலேயே சேருங்கள். மறு வாரமே வகுப்பறைகளில் பாடம் நடத்தும் விதம் மாறும்.