ஆதார் ஜெராக்ஸ் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது. காவல்துறை சுவரொட்டி ஒட்டுகிறது. அறிவுரையெல்லாம் பொதுமக்களுக்குத்தான். ஆனால் மோசடிக்காரன் போனில் பேசத் தொடங்கும்போதே நம் பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் சொல்கிறானே, அவை அவன் கைக்கு எப்படிப் போயின என்று எந்த விளம்பரமும் பேசுவதில்லை. 2023 ஜூன் மாதம் டெலிகிராமில் போன் எண்ணைப் போட்டால் போதும், தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் பிறந்த ஆண்டும் அடையாள அட்டை எண்ணும் வந்து விழுந்தன. கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் பத்திரமாகவே இருக்கிறது என்றது மத்திய அரசு. தடுப்பூசிக்குப் பதிந்த மக்கள் அதில் என்ன கவனக்குறைவாக இருந்தார்கள்?

நம்மிடம் தேவையில்லாமல் வாங்கிக் குவிக்கிறவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. முதலில் ஆதார் ஜெராக்ஸ். லாட்ஜில் அறை எடுத்தால் ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டினால் ஒன்று, வாடகை வீட்டுக்கு ஒன்று. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் ஓர் இரவு தங்கினால் பெரியவர்கள் எல்லோருடைய நகலையும் கேட்கிறார்கள். அது வரவேற்பு மேசைக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டிக்குள் போகிறது. பெட்டி நிறைந்த பிறகு எங்கே போகிறது என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது. எங்கள் ஊரில் பழைய தாள் கடையில் விண்ணப்பக் கட்டுகளை எடைக்குப் போட்டிருந்ததை நானே பார்த்தேன். போட்டோ, கையெழுத்து, ஆதார் எண், போன் எண் எல்லாம் ஒரே தாளில்.

ஜெராக்ஸ் கடையின் கதை இன்னும் மோசம். "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்" என்பார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாம் அனுப்பிய ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றும் அந்தக் கடையின் கணினியில் தங்கிவிடுகின்றன. அந்தக் கணினியில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். பிரிண்ட் எடுத்தவுடன் நம் கண் முன்னால் அழிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஓர் அதிகாரியும் இல்லை.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்தின் பெயரால் தனியார் ஆதாரைப் பயன்படுத்த இடம் கொடுத்த பகுதியை நீக்கியது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள், விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்று எச்சரித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று காரணம் சொல்லி இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. சரியாகச் சொன்ன ஒரே அறிவிப்பையும் அழித்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். அட்டையில் உள்ள க்யூஆர் கோட்டை ஸ்கேன் செய்தால் அட்டை உண்மையா என்று நொடியில் தெரிந்துவிடும். நகலே தேவையில்லை. ஆனால் மறைத்த ஆதாரை நீட்டினால், "இது செல்லாது, ஒரிஜினல் ஜெராக்ஸ் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்களில் அரசு அலுவலகங்களும் உண்டு. முப்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். உதவித்தொகைக்கு ஒன்று, பஸ் பாஸுக்கு ஒன்று என்று ஒரே பிள்ளையின் நகலை வருடா வருடம் கேட்பதை அறிவேன். கூலி வேலைக்குப் போகும் தாய் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பாள்.

அடுத்தது பில் போடும் இடம். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். நம்பர் இல்லாமல் பில் வராது என்று அடித்துச் சொல்கிறார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. எந்தக் கடையில் அந்த அறிவிப்பு ஒட்டியிருக்கிறது? வயதுப்பெண்கள் நாலு பேர் காதுபட எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் எண்கள் விலைக்குப் போன செய்தி 2017-லேயே வந்தது.

அதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2023-ல். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம், அதாவது 2027 மே. தேவைக்கு மேல் வாங்கிய தகவலுக்கு நம் சம்மதம் செல்லாது என்று அந்தச் சட்டத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்குத்தான் அது பொருந்தும். அட்டைப்பெட்டியில் கிடக்கும் காகித நகல் அதற்குள் வரவே வராது. தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், ஏமாந்தவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று இழப்பீடு கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. அதையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. புகார் பொய்யானது, அற்பமானது என்று முடிவானால் மட்டும் புகார் கொடுத்தவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பறிகொடுத்தவனிடம் இப்படி நடந்துகொள்வது என்ன நியாயம்?

தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு அலுவலகங்களில் ஆதாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும், நகல் வேண்டாம் என்று ஓர் அரசாணை போடலாம். மறைத்த ஆதார் செல்லும் என்று ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் எழுதி வைக்கலாம். லாட்ஜுகளுக்குக் காவல்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்: ஆளைச் சரிபார், நகலை வைத்துக்கொள்ளாதே. போன் எண் கட்டாயமில்லை என்ற பலகையைப் பில் போடும் இடத்தில் வைக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிடட்டும். இழப்பீட்டுப் பிரிவை நீக்காமல் காக்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுந்து கேட்க வேண்டும். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதைத் தங்கள் பத்திரிகை பெயரோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை,
திண்டுக்கல்